சித்திரை வெயிலுக்கு மேலே இருக்கும் பனிக்கட்டி

மின்னல் பிறப்பது பனிக்கட்டியில். எங்கள் ஊர்ப் பக்கம் இதைச் சொன்னால் சட்டென்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் பூமி இது. சித்திரை மதியத்தில் 39, 40 டிகிரி சாதாரணம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனிக்கட்டி என்றால் கல்யாண வீட்டு சர்பத்தில் மிதப்பது, இல்லாவிட்டால் எப்போதாவது விழுகிற ஆலங்கட்டி. ஆனால் அதே சித்திரைச் சாயங்காலம் மேகம் திரண்டு வெட்டி முழங்கும்போது, நம் தலைக்கு மேல் ஏழெட்டு கிலோமீட்டர் உயரத்தில் டன் கணக்கில் பனிக்கட்டி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கிறது. மின்னலுக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் தயாராகிறது.

நான் ஒரு 110 கே.வி. (அதாவது 110 ஆயிரம் வோல்ட்) துணைமின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் பொறியாளர். மின்னல் எங்களுக்கு வேடிக்கை பார்க்கிற விஷயம் கிடையாது. வானம் கறுத்தால் பேனல் முன்னால் போய் நின்றுவிடுவோம். எந்த ஃபீடர் (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) எப்போது ட்ரிப் ஆகும், அதாவது தானாகத் துண்டித்துக்கொள்ளும் என்று காது தீட்டி வைத்திருப்போம். கல்லூரியில் நான் படித்ததெல்லாம் மின்னல் கம்பியில் விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான். விழுவதற்கு முன்னால் மேலே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. படித்ததில் என் மனதில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேகம். தரை கொதிக்கிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி எழும்புகிறது. வெறும் வறண்ட காற்று என்றால் கொஞ்ச தூரம் ஏறிக் குளிர்ந்து நின்றுவிடும். பிற்பகலில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்ளே வரும் நாட்களில் கதையே வேறு. மேலே ஏறும் ஈரம் குளிர்ந்து துளியாகும்போது, அது ஆவியாக மாறியபோது வாங்கி வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பத்தில் காற்று இன்னும் ஏறுகிறது. ஏற ஏற இன்னும் ஈரம் துளியாகிறது. இப்படித் தன்னைத் தானே உந்தித் தள்ளிக்கொண்டு, நம் பகுதியில் ஒரு பெரிய இடிமேகத்தின் தலை 15 கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். விமானங்கள் பறக்கிற உயரத்தைவிட அதிகம். உள்ளே மேல்நோக்கி அடிக்கும் காற்று வினாடிக்கு 10, 20 மீட்டர் வேகத்தில் போகும்.

நம் தலைக்கு மேல் சுமார் 5 கிலோமீட்டரில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி. கீழே 40 டிகிரி அடித்தாலும் அந்த உயரத்தில் நீர் உறையும் குளிர்தான். அதற்கும் மேலே போன துளிகள் எல்லாம் உடனே உறைந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். தூய சிறு நீர்த்துளி மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியில்கூட நீராகவே மிதந்துகொண்டிருக்கும். எதையாவது தொட்டால்தான் சட்டென்று உறையும். ஆக, அந்த உயரத்தில் மூன்று பேர் ஒன்றாக இருக்கிறார்கள்: உறையாத குளிர்ந்த துளிகள், மெல்லிய பனிப்படிகங்கள், அந்தத் துளிகள் மேலே ஒட்டி ஒட்டி உறைந்து உருண்ட, ஜவ்வரிசி மாதிரியான சிறு பனி உருண்டைகள். உருண்டைக்குக் கனம் அதிகம், கீழே இறங்கப் பார்க்கும். படிகம் லேசானது, காற்றோடு மேலே பறக்கும். போகிற வழியில் இரண்டும் உரசி, மோதி, விலகுகின்றன.

அந்த மோதலில் மின்னூட்டம் கைமாறுகிறது. மைனஸ் 10 முதல் மைனஸ் 25 டிகிரி வரையிலான பகுதியில், பெரும்பாலும் உருண்டைக்கு எதிர்மின்னூட்டமும் படிகத்துக்கு நேர்மின்னூட்டமும் போய்ச் சேரும். ஒரு மோதலில் மாறுவது அற்பமான அளவு, ஒரு கூலும்பில் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் மோதல்கள் கணக்கில் அடங்காதவை. படிகங்கள் மேகத்தின் உச்சிக்குப் போய் அங்கே நேர்மின்னூட்டம் சேர்கிறது, உருண்டைகள் நடுவிலும் அடியிலும் தங்கி அங்கே எதிர்மின்னூட்டம் சேர்கிறது. 1950களிலிருந்து ஆய்வகக் குளிர்பெட்டிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1978-இல் ஜப்பானிய விஞ்ஞானி தகாஹாஷி, எந்த வெப்பநிலையில், எவ்வளவு நீர் இருந்தால், உருண்டை எந்த மின்னூட்டத்தை வாங்கும் என்று வரைந்த படத்தை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வெப்பம் கூடிய அடிப்பகுதியில் அது தலைகீழாகி, உருண்டை நேர்மின்னூட்டம் வாங்குகிறது. மேகத்தின் அடியில் சின்னதாக ஒரு நேர்மின் பகுதி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆலங்கட்டி விழுந்தால் குழந்தைகள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்களே, அது இந்த உருண்டைகளில் பெரிதாக வளர்ந்த ஒன்று, உருகி முடிவதற்குள் தரைக்கு வந்து சேர்ந்தது. மற்ற நாளில் நம்மேல் விழும் அந்தப் பெரிய பெரிய கோடை மழைத்துளிகளில் பலவும் வழியில் உருகிய பனி உருண்டைகளே. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் அடங்குவதில்லை. உழவர்கள் வானத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கிற கரிசல் காட்டு மழை, பனியாக இருந்து வருகிறது.

சரி, இப்படிப் பிரிந்து நிற்கும் மின்னூட்டத்தால் மேகத்துக்குள் எவ்வளவு வோல்ட் ஏறும்? நாங்கள் 110 கே.வி. யார்டுக்குள் (நிலையத்தின் மின்கருவிகள் நிற்கும் திறந்தவெளி) எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று பயிற்சி எடுத்துப் பழகியவர்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கம். இதற்கு இதுவரை கிடைத்த பெரிய விடை நம் ஊட்டியிலிருந்து வந்தது.

ஊட்டியில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே கிரேப்ஸ்-3 என்ற பரிசோதனை நடக்கிறது. அதில் 560 சதுர மீட்டர் பரப்பில் 3,712 உணர்குழாய்கள் வைத்து மியூயான் என்ற துகள்களை எண்ணுகிறார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள்கள் இவை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பு வழியாகவும் இந்த நொடியில் போய்க்கொண்டிருக்கின்றன. மியூயானில் நேர்மின்னூட்டம் உள்ளதும் உண்டு, எதிர்மின்னூட்டம் உள்ளதும் உண்டு. நேர்மின் வகை கொஞ்சம் கூடுதலாக வரும். இடிமேகத்துக்குள் நுழையும்போது மேகத்தின் மின்னழுத்தம் ஒரு வகையை முடுக்கிவிடும், மற்றதைத் தடுத்து இழுக்கும். இரண்டு வகையும் சம அளவில் வராததால் கூட்டல் கழித்தல் சரியாகிவிடாது, கீழே எண்ணிக்கை மாறும். அந்த மாற்றத்திலிருந்து மேகத்தின் வோல்ட்டைக் கணக்கிடலாம்.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஒரு இடிமேகத்தை இப்படி அளந்தார்கள். கணக்கில் வந்தது 130 கோடி வோல்ட். 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முன் பலூன்களில் கருவி கட்டி அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்ச அளவைவிட இது பத்து மடங்கு. பலூன் மேகத்துக்குள் ஒரு கோட்டில்தான் போக முடியும். மியூயான் மேகம் முழுவதையும் ஊடுருவி வருவதால் இந்த அளவு கிடைத்தது. மேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவுக்கு ஏற முடியும் என்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சி. டி. ஆர். வில்சன் 1929-லேயே சொல்லியிருந்தார். அதை முதலில் அளந்து காட்டியது நீலகிரி மலையில் வரிசையாகக் கிடக்கும் இந்தக் குழாய்கள். எங்கள் யார்டில் பஸ்பார் என்ற தடித்த மின்கடத்திக்குக் கீழே நடக்கும்போது தலைக்கு மேல் கேட்கும் உர்ரென்ற சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன். அது 110 ஆயிரம் வோல்ட். ஊட்டி மேகம் அதைப் போல ஏறத்தாழ 12,000 மடங்கு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இவ்வளவு வோல்ட் இருந்தும், மின்னல் எப்படித் தொடங்குகிறது என்பதில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. தரை மட்டத்தில் காற்றைக் கிழித்து மின்சாரம் பாய வேண்டும் என்றால் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். மேலே காற்று மெலிந்திருப்பதால் அந்தத் தேவை பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் மேகத்துக்குள் அளந்து பார்த்தால் மீட்டருக்குச் சில லட்சம் வோல்ட்டைத் தாண்டுவதே அபூர்வம். கணக்குப்படி வெட்டவே கூடாத இடத்தில் மின்னல் வெட்டுகிறது.

இதற்கு இரண்டு வழியில் விடை தேடுகிறார்கள். ஒன்று, பனித்துண்டுகளின் கூர்முனையிலும் நீண்ட துளிகளின் நுனியிலும் மின்புலம் (மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று மேலே சொன்னது) பல மடங்கு குவிந்து, அங்கிருந்து சின்னச் சின்ன மின்கீற்றுகள் கிளம்பி ஒன்றுகூடுகின்றன என்பது. எங்கள் வேலையில் இது பழகிய விஷயம். கம்பியில் ஒரு பிசிர் நீட்டிக்கொண்டிருந்தாலும் ராத்திரியில் அந்த இடத்தில் ஊதா வெளிச்சம் கசியும். இன்னொன்று, 1992-இல் ரஷ்ய விஞ்ஞானி குரெவிச்சும் அவர் குழுவினரும் முன்வைத்தது: விண்கதிர்கள் கிளப்பிவிடும் அதிவேக எலக்ட்ரான்கள் மேகத்தின் மின்புலத்தில் மேலும் வேகம் பிடித்து, வழியில் இன்னும் பல எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் பெருகுகின்றன என்பது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கி, மின்னல் கிளம்பும் முதல் கணங்களை மீட்டர் அளவு நுட்பத்தில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை. மனிதன் தோன்றிய நாளிலிருந்து அண்ணாந்து பார்த்துவரும் ஒன்றின் முதல் பொறி இன்னும் ஆய்வில் இருக்கிறது.

தொடங்கிய பிறகு நடப்பது நன்றாகவே தெரியும். மின்னல்களில் நான்கில் மூன்று பங்கு மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தரைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மேகத்தின் நடுவிலுள்ள எதிர்மின்னூட்டத்தைச் சுமந்து வருபவை. அது ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. சுமார் 50 மீட்டர் தாவும், மில்லிவினாடியில் சிறு பங்கு நேரம் நிற்கும், மறுபடி தாவும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளை பிரியும். வெளிச்சம் மங்கலாக இருப்பதால் கண்ணுக்கு இது தெரியாது. இப்படி 20, 30 மில்லிவினாடியில் தரையை நெருங்கிவிடும். நெருங்கும்போது கீழேயிருந்து பதில் கிளம்புகிறது. பனை உச்சி, செல்போன் டவர், எங்கள் லைன் கோபுரம், வெட்டவெளியில் நிற்கும் மனிதன், உயரமான எதிலிருந்தும் ஒரு நேர்மின் கீற்று மேல்நோக்கி நீளும். அவற்றில் எது முதலில் மேலிருந்து வருவதைத் தொடுகிறதோ, அங்கே பாதை இணைகிறது.

இணைந்ததும் நாம் பார்க்கும் அந்தப் பளீர். அந்த வெளிச்சம் தரையிலிருந்து மேகத்தை நோக்கி, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஏறுகிறது. மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர். பாதை சில சென்டிமீட்டர் தடிமன்தான், ஆனால் அதற்குள் வெப்பம் சுமார் 30,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. அந்தக் காற்று வெடித்து விரிவதுதான் இடி. அதே பாதையில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து பாயும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 40, 50 மில்லிவினாடி இடைவெளி. மின்னல் துடிதுடிப்பது போல் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான்.

ஊரில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: "இவ்வளவு கரண்ட் வானத்துல சும்மா போகுதே, அதைப் பிடிச்சு சப்ளை குடுக்கக் கூடாதா?" கேட்பவர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள், அதனால் நானும் கணக்குப் போட்டே சொல்வேன். ஒரு சராசரி மின்னலின் ஆற்றல் சுமார் 100 கோடி ஜூல். கேட்க மலைப்பாக இருக்கும். யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 278. ஓரிரண்டு வீட்டின் இரண்டு மாத பில்லுக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி வழியிலேயே வெப்பமாக, வெளிச்சமாக, சத்தமாகக் கரைந்துவிடும். தரைக்கு வந்து சேர்வது சிறு பங்கு. அது கண்மூடித் திறக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடுவதால்தான் அவ்வளவு மூர்க்கம்.

அந்த மூர்க்கத்தைக் கையாள்வதுதான் எங்கள் பாடு. 110 கே.வி. லைனில் கோபுர உச்சியில் ஓடும் எர்த் கம்பி மின்னலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து கோபுரம் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். கோபுரத்தின் அடி மண் 10 ஓம் தடை காட்டினால், 30,000 ஆம்பியரில் கோபுரத்தின் உச்சி 3 லட்சம் வோல்ட் ஏறும். கம்பியைக் கோபுரத்திலிருந்து பிரித்துத் தொங்கவிடும் இன்சுலேட்டர் சரம் அதைத் தாங்கிவிடும். அதே அடி 50 ஓம் காட்டினால் 15 லட்சம். அப்போது கோபுரத்திலிருந்து கம்பிக்கே தாவி லைன் ட்ரிப் ஆகும். கரிசல் மண் ஈரமாக இருந்தால் மின்சாரத்துக்கு நல்ல வழி. கோடையில் வெடித்துக் காய்ந்தால் எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் பிடிப்பே போய்விடும். கோடை இடி வருவதும் அந்த மாதத்தில்தான். எர்த் பிட்டுக்கு (எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழி) தண்ணீர் ஊற்றச் சொல்லி நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மன் என்ற விஞ்ஞானி, கூரையிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்குள் இறக்கி, தரையில் சேர்க்காமல் விட்டு இடிமேகத்தை அளக்கப் போனார். மின்னல் அவர் நெற்றிக்குத் தாவி அங்கேயே உயிர் போனது. இடிதாங்கியில் வேலை செய்வது மேலே நிற்கும் கூர்முனையைவிடக் கீழே புதைந்திருக்கும் தகடு.

யார்டுக்குள் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் எல்.ஏ. (லைட்னிங் அரெஸ்டர், மின்னல் தடுப்பான்) நிற்கும். ஜிங்க் ஆக்சைடு வில்லைகள் அடுக்கியது. சாதாரண வோல்ட்டில் அது மின்சாரத்தைத் தடுத்து நிற்கும், மின்னல் அலை வந்தால் கணத்தில் வழிவிட்டு மண்ணுக்கு அனுப்பும், அடுத்த கணம் மறுபடி தடுக்கும். அடியில் ஒரு கவுன்டர் இருக்கும். மழை ஓய்ந்த காலையில் டார்ச்சோடு போய் அதைப் பார்த்து எண் கூடியிருந்தால் ரெஜிஸ்டரில் எழுதுவோம். அந்த எண் ஒன்று கூடினால் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் தப்பித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். கிராமத்துக்குப் போகும் 11 கே.வி. லைன்கள் பாவம். அவற்றுக்கு உச்சியில் எர்த் கம்பி இல்லை. பக்கத்து வயலில் மின்னல் விழுந்தாலே கம்பியில் தூண்டப்படும் அலை, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் 'பின்' (pin) இன்சுலேட்டரைத் துளைத்துவிடும். துளை வெளியே தெரியாது. கொட்டுகிற மழையில் லைன்மேன்கள் ஒவ்வொரு பகுதியாக லைனைத் துண்டித்துப் பார்த்துத்தான் அந்தக் கம்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கரண்ட் வர ஏன் இவ்வளவு நேரம் என்று கோபப்படும்போது அந்த ஆட்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யார்டு முழுக்க ஜல்லி பரப்பியிருப்போம். புல் முளைக்காமல் இருக்க என்று பலர் நினைப்பார்கள். அதன் முக்கிய வேலையை எனக்கு ஒரு ஆட்டுக்காரப் பெரியவர் கேட்ட கேள்விதான் ஆழமாக உணர்த்தியது. கிடை போட்டிருந்தவர். மழைக்கு வேப்ப மரத்தடியில் ஒதுங்கிய ஆடுகளை ஒரே இடியில் பறிகொடுத்தவர். "தாயி, இடி விழுந்தது மரத்து மேல. ஆடு எதுவும் மரத்தைத் தொடக்கூட இல்லை. பின்ன எப்படித் தாயி அத்தனையும் செத்துச்சு?" என்று கேட்டார்.

மரத்தில் இறங்கிய மின்சாரம் வேரோடு சேர்ந்து மண்ணில் நாலாபக்கமும் பரவுகிறது. மரத்துக்குப் பக்கத்து மண்ணில் வோல்ட் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஆட்டின் முன்னங்கால் ஒரு வோல்ட்டில், பின்னங்கால் வேறு வோல்ட்டில். இடையே வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு கால் வழியாக ஏறி நெஞ்சைக் கடந்து மறு கால் வழியாக இறங்குகிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டு நிலத்தில் 323 கலைமான்கள் கூட்டத்தோடு செத்துக் கிடந்ததும் இதே விதத்தில்தான் என்பது அங்குள்ளவர்களின் கணிப்பு. நாங்கள் இதை ஸ்டெப் வோல்டேஜ் என்போம். ஜல்லி எங்கள் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே தடையாக நின்று அதைக் குறைக்கிறது. பெரியவருக்கு மண்ணில் குச்சியால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினேன். வெகு நேரம் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மேகம் கூடுறப்பவே மரத்தை விட்டு ஓட்டிரணும்" என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

இந்தியாவில் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். பெரும்பாலும் வயலில் நிற்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். ஆகவே படித்ததில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டாலே அடுத்த மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள், மழை இன்னும் தொடங்காவிட்டாலும் சரி. கான்கிரீட் வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய பஸ், கார். ஓலைக் கொட்டகையும் பம்ப்செட் தகரக் கூரையும் பாதுகாப்பு இல்லை. எங்கும் ஓட முடியாத வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துக் குந்திக்கொள்ளுங்கள், படுக்காதீர்கள். அடிபட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்கி, 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, அருகில் மின்னல் வெட்டுவதைக் காட்டி எச்சரிக்கும். அதைப் பெரியவரின் பேரன் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன், சத்தம் வைத்து.